வெர்மாண்ட்டின் இரண்டாம் காடு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவின் கியூபெக் மாகாணத்துக்குத் தெற்கே, நியூயார்க் மாநிலத்துக்கும் நியூ ஹாம்ப்ஷையருக்கும் நடுவே இருக்கிறது வெர்மாண்ட். வடக்கு எல்லையில் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் அகலம். தெற்கே போகப்போக ஒடுங்கி, மாசசூசெட்ஸைத் தொடும்போது அதில் பாதிகூட இல்லை. மொத்தப் பரப்பு சுமார் 24,900 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6,43,077. ஐம்பது மாநிலங்களில் இதைவிடக் குறைவான மக்கள் வாழ்வது வயோமிங்கில் மட்டும்தான். தலைநகர் மாண்ட்பீலியரில் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். அமெரிக்க மாநிலத் தலைநகரங்களிலேயே மிகச் சிறியது அது. மாநிலத்தின் பெரிய நகரம் என்று சொல்லப்படும் பர்லிங்டனிலேயே 45,000 பேர் தேறமாட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுவரை இங்கே மேப்பிள் இலைகள் சிவந்து, பிர்ச் இலைகள் மஞ்சளாகி, மலை முழுக்க நிறம் மாறும். பாஸ்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கார்கள் வரிசைகட்டி வரும். கூரை போட்ட மரப்பாலங்கள் இன்னும் நூறு வரை நிற்கின்றன. வெள்ளைத் தேவாலயக் கோபுரம், அதன் பின்னால் காடு. வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்: இருநூறு வருடமாக இந்த ஊர் அப்படியே இருக்கிறது என்று. இந்த நினைப்பைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று மாநிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே மலைகளில் அந்தக் கணக்கு ஏறக்குறைய தலைகீழாக இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மொட்டை மலை, கற்சுவர், செம்மறி ஆடு. இன்றைய காடு மனிதர்கள் கிளம்பிப் போன இடத்தில் முளைத்த காடு.

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து தெற்கு வரை முதுகெலும்பாக ஓடுவது கிரீன் மலைத்தொடர். அதன் உச்சி மேன்ஸ்ஃபீல்ட், 1,339 மீட்டர். மேற்கே சாம்ப்ளேன் ஏரி. அதன் நீர் வடக்கு நோக்கிப் போய் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதியில் சேர்கிறது. கிழக்கே கனெக்டிகட் நதி. நியூ இங்கிலாந்து எனப்படும் ஆறு மாநிலங்களில் கடற்கரை இல்லாதது இது ஒன்றே. கிழக்கு எல்லையில் ஓடும் அந்த நதிகூட வெர்மாண்ட்டுக்குச் சொந்தமில்லை. 1764இல் இங்கிலாந்து மன்னர் நதியின் மேற்குக் கரையையே எல்லையாக வகுத்தார். 1933இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் மேற்குக் கரையின் தாழ்நீர்க் கோட்டோடு வெர்மாண்ட் முடிந்துவிடுகிறது என்று தீர்த்துச் சொன்னது. ஆகவே நதிமேல் உள்ள பாலங்களின் செலவில் பெரும்பங்கு இன்றும் நியூ ஹாம்ப்ஷையர் தலையில்தான்.

அபெனாகி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த மண் இது. மேப்பிள் மரத்தைக் கீறிச் சாறெடுக்கும் வித்தையும் அவர்களிடமிருந்து வந்ததுதான். 1760களுக்குப் பிறகு தெற்கிலிருந்து வெள்ளைக் குடியேறிகள் வந்து குவிந்தார்கள். நியூயார்க் தனது நிலம் என்றது. நியூ ஹாம்ப்ஷையர் ஆளுநரோ ஏற்கெனவே பட்டா எழுதி விற்றுவிட்டிருந்தார். இந்த இழுபறியில் 1777இல் வெர்மாண்ட் தனிக் குடியரசாகவே தன்னை அறிவித்துக்கொண்டது. வயதுவந்த எவரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று அந்த ஆண்டே தன் அரசியல் சாசனத்தில் எழுதியது. பதினான்கு ஆண்டுகள் தனியாக இருந்துவிட்டு, 1791 மார்ச் 4 அன்று பதினான்காவது மாநிலமாக அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது.

வந்தவர்கள் செய்த முதல் வேலை மரம் வெட்டியது. வெட்டிய மரத்தை எரித்து, சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி, பொட்டாஷ் எடுத்தார்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் துணி ஆலைகளுக்கும் வேண்டிய அந்த உப்புதான் குடியேறிகளுக்குக் கையில் காசு காட்டிய முதல் சரக்கு. காடு அவர்களுக்கு இடைஞ்சல், சாம்பல்தான் வருமானம்.

பிறகு ஆடு வந்தது. ஸ்பெயின் தன் மெரினோ செம்மறிகளை வெளியே விடாமல் காத்துவந்த நாடு. நெப்போலியன் படை உள்ளே புகுந்து அந்தக் காவல் குலைந்தபோது, லிஸ்பனில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஜார்விஸ் ஆயிரக்கணக்கான மெரினோக்களை வாங்கிக் கப்பலேற்றினார். 1811 வாக்கில் சில நூறு ஆடுகளுடன் கனெக்டிகட் நதிக்கரையில் வெதர்ஸ்ஃபீல்ட் ஊரில் குடியேறினார். மென்மையான, அடர்த்தியான கம்பளி. நியூ இங்கிலாந்து முழுக்க ஆலைகள் எழும்பிய காலம் அது. வெளிநாட்டுக் கம்பளிமீது இறக்குமதி வரியும் விழுந்தது. மெரினோ மோகம் மாநிலத்தைப் பிடித்துக்கொண்டது. 1840 கணக்கெடுப்பில் வெர்மாண்ட்டின் மக்கள் 2,91,948 பேர். செம்மறிகள் ஏறத்தாழ 17 லட்சம். ஆளுக்கு ஆறு ஆடு!

ஆட்டுக்கு மேய்ச்சல் வேண்டும், மேய்ச்சலுக்கு வெட்டவெளி வேண்டும். செங்குத்தான சரிவுகளில்கூட மரம் மிஞ்சவில்லை. வேலி போட மரம் தட்டுப்பாடானதும் கல்லை அடுக்கினார்கள். கல்லுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பனியாறுகள் விட்டுப்போன கற்களை ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி மண்ணுக்குள்ளிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வசந்தம்தோறும் அவற்றைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்குவதே குடும்பத்தின் வேலை. மைல் கணக்கில் நீளும் அந்தக் கற்சுவர்கள் ஆட்டுக்காலத்தின் கணக்குப் புத்தகம் என்றே சொல்லலாம்.

எழுந்த வேகத்திலேயே அது சரிந்தது. 1825இல் ஈரி கால்வாய் திறந்தது. பிறகு ரயில் வந்தது. மேற்கே ஒஹையோவிலும் அதற்கு அப்பாலும் கல்லில்லாத, சமமான, ஆழமான கரிசல் மண் கொஞ்ச விலைக்குக் கிடைத்தது. அங்கே வளர்த்த ஆட்டின் கம்பளியோடு வெர்மாண்ட் மலையாட்டால் போட்டிபோட முடியவில்லை. 1846இல் இறக்குமதி வரியும் குறைந்தது. விவசாயிகள் ஆட்டை விற்றார்கள். பலர் நிலத்தையும் விற்றுவிட்டு வண்டி கட்டினார்கள். 1860இல் வெர்மாண்ட்டில் பிறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் வேறு மாநிலங்களில் இருந்தார்கள். 1850இல் 3,14,120 ஆக இருந்த மக்கள்தொகை, நூறு ஆண்டு கழித்து 1950இல் 3,77,747. அமெரிக்கா முழுவதும் ஊதிப் பெருத்த ஒரு நூற்றாண்டில் இங்கே கூடியது அறுபத்து மூவாயிரம் பேர்தான். வீட்டுக்கு வீடு பிரிவு நடந்த நூற்றாண்டு அது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன மகனைப் பற்றி எந்தக் கணக்கெடுப்பும் எழுதிவைக்காது; விட்டுப்போன வீடுகளின் அடித்தளக் குழிகள் மட்டும் காட்டுக்குள் மிஞ்சியிருக்கின்றன.

மொட்டை மலைகளைப் பார்த்து முதலில் கவலைப்பட்டவர் அந்த ஊர்க்காரரேதான். ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், 1801இல் உட்ஸ்டாக்கில் பிறந்தவர். வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர்; கம்பளித் தொழிலில் பணத்தைப் போட்டு இழந்தவர். 1847இல் ரட்லண்டில் விவசாயிகள் முன்னிலையில் பேசும்போதே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்: மலையுச்சியில் மரத்தை வெட்டினால் வசந்தத்தில் பனி உருகியதும் ஒரேயடியாக வெள்ளம் வரும், கோடையில் ஓடை வறண்டுபோகும், மண் அடித்துக்கொண்டு போகும். பிறகு துருக்கியிலும் இத்தாலியிலும் தூதராக இருந்தபோது, பழைய நாகரிகங்கள் மொட்டையடித்த மத்தியதரைக்கடல் மலைகளை நேரில் பார்த்தார். சிறுவயதில் பார்த்த வெர்மாண்ட்டும் முதிர்வயதில் பார்த்த மத்தியதரைக்கடலும் சேர்ந்து 1864இல் ‘மனிதனும் இயற்கையும்’ என்ற அவருடைய நூலாயின. சூழலியல் சிந்தனைக்கு அடித்தளம் போட்ட நூல்களில் ஒன்று. இவ்வளவு சிறிய மாநிலம் உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை எது என்று கேட்டால், மேப்பிள் பாகையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இந்தப் புத்தகத்தைத்தான் நான் காட்டுவேன்.

மார்ஷ் குடும்பத்தின் நிலத்தை 1869இல் ஃபிரெடரிக் பில்லிங்ஸ் என்ற ரயில்வே செல்வந்தர் வாங்கி, வெற்றுச் சரிவுகளில் மரம் நட்டார். இன்று அது தேசியப் பூங்கா. ஆனால் மாநிலத்தின் பெரும்பகுதியில் யாரும் எதையும் நடவில்லை. ஆடு போனது, ஆள் போனான், மேய்ச்சல் நிலத்தில் முதலில் வெள்ளைப் பைன் முளைத்தது, அதன் நிழலில் மேப்பிளும் பீச்சும் தலைதூக்கின. இன்று ஆளரவமில்லாத காட்டுக்குள் நடந்துபோனால் திடீரென்று ஒரு கற்சுவர் குறுக்கே வரும். கொஞ்சம் தள்ளி ஒரு குழி, வீட்டின் அடித்தளம். அதன் பக்கத்தில் யாரும் பறிக்காத ஆப்பிள் மரமும், வாசலில் யாரோ ஒரு பெண் வைத்த லைலாக் புதரும் இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். காட்டுக்கு நடுவே எதற்குச் சுவர் என்று கேட்கிறவருக்கு இந்த மாநிலத்தின் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

காட்டோடு சேர்ந்து போன உயிர்களும் திரும்பின. சில தானாக, சில மனிதர் கொண்டுவந்து விட்டதால். மான் அநேகமாக அழிந்துவிட்ட நிலையில் 1878இல் நியூயார்க்கிலிருந்து பதினேழு மான்களைக் கொண்டுவந்து ரட்லண்ட் பகுதியில் விட்டார்கள். பீவர் 1921இல் திரும்பியது. காட்டு வான்கோழி 1969க்குப் பிறகு. மூஸ் எனப்படும் பெரிய கடமான் வடக்கிலிருந்து தானே நடந்து வந்தது. திரும்பாதது மலைச்சிங்கம். 1881இல் பார்னார்ட் ஊரில் சுடப்பட்ட கடைசி மலைச்சிங்கத்தைப் பாடம் செய்து மாண்ட்பீலியர் அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஆடு விட்ட இடத்தில் மாடு வந்தது. முதலில் வெண்ணெய், ரயில் நிலையத்தில் பனிக்கட்டி அடைத்த பெட்டிகளில் ஏறி பாஸ்டனுக்குப் போகும். பிறகு பாலே நேரடியாகப் போகத் தொடங்கியது. 1940களில் மாநிலத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பால்பண்ணைகள் இருந்தன. இருபது, இருபத்தைந்து மாடு, விடியுமுன் கறவை, நாற்பது குவார்ட் பால் கேன்களைச் சாலையோர மேடையில் வைத்துவிட்டால் வண்டி வந்து எடுத்துப்போகும். அந்த வாழ்க்கையை உடைத்தது ஒரு எஃகுத் தொட்டி. 1950களில் பால் நிறுவனங்கள், இனிமேல் கேனில் பால் எடுக்கமாட்டோம், குளிரூட்டும் தொட்டி வைத்திருப்பவர்களிடம் மட்டுமே எடுப்போம் என்றன. தொட்டிக்குப் பணம் வேண்டும், அதற்குத் தனி அறை வேண்டும், டேங்கர் லாரி மலையேற நல்ல பாதை வேண்டும். இருபது மாட்டை வைத்துக்கொண்டு அந்தக் கடனை அடைக்க முடியாது. மலைமேல் இருந்த பண்ணைகள்தான் முதலில் மூடின. 1986இல் பால் உபரியைக் குறைக்க மத்திய அரசே பணம் கொடுத்து மந்தை மந்தையாக மாடுகளை வாங்கிக்கொண்டபோது இன்னும் பல தொழுவங்கள் காலியாயின. இன்று மிஞ்சியிருக்கும் பண்ணைகள் ஏறக்குறைய 500. ஆனால் மொத்தப் பால் அன்றைவிட அதிகம்.

பண்ணை குறைந்தது, பால் கூடியது என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றைய வெர்மாண்ட் பண்ணையின் கஷ்டமெல்லாம் இருக்கிறது. பாலின் விலையை விவசாயி வைப்பதில்லை. மத்திய அரசின் சூத்திரம் வைக்கிறது. உற்பத்திச் செலவைவிட அது கீழே போகும் ஆண்டுகளும் உண்டு. பெரிய பண்ணைகளில் இரவும் பகலும் கறக்கிற கைகள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் கைகள். ஆண்டு முழுவதும் நடக்கும் பண்ணை வேலைக்கு அமெரிக்கச் சட்டத்தில் பொருத்தமான விசா இல்லாததால் பலர் ஆவணமின்றி, எல்லைக் காவல் வாகனத்துக்குப் பயந்து கடைக்குக்கூடப் போகாமல் வாழ்கிறார்கள். 2017இல் இந்தத் தொழிலாளர்களின் அமைப்பு ஒன்று நீண்ட போராட்டத்துக்குப் பிறகு பென் அண்ட் ஜெரிஸ் ஐஸ்கிரீம் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி பால் கொடுக்கும் பண்ணைகளில் ஓய்வு, தங்குமிடம், கூலி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கப்பட்டது. இன்னொரு பக்கம், வயல்களிலிருந்து வழியும் பாஸ்பரஸ் சாம்ப்ளேன் ஏரியில் சேர்ந்து, கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து குளிக்கும் துறைகளை மூடவைக்கிறது. பச்சைப் புல்வெளியில் கறுப்பு வெள்ளை மாடு நிற்கும் அஞ்சல் அட்டையில் இவை எதுவும் தெரியாது.

மேப்பிள் பாகின் கதை வேறு மாதிரி. இது சுருங்காமல் வளர்ந்த தொழில். அன்று மரத்துக்கு ஒரு வாளி. மார்ச்சில் இரவு உறைந்து பகல் உருகும் நாள்களில் சாறு சொட்டும். பனியில் குதிரை இழுத்த சறுக்குவண்டியில் தொட்டியை வைத்துக்கொண்டு வாளி வாளியாக ஊற்றிச் சேர்த்து, விறகடுப்பில் காய்ச்சுவார்கள். நாற்பது கேலன் சாறு வற்றினால் ஒரு கேலன் பாகு. இன்று மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய். கீழே வெற்றிடப் பம்பு உறிஞ்சும். காய்ச்சுவதற்கு முன்பே ஆர்ஓ இயந்திரம் பெரும்பகுதித் தண்ணீரைப் பிரித்துவிடும். 2022இல் மாநிலம் எடுத்த பாகு 25 லட்சம் கேலனைத் தாண்டியது. அமெரிக்க உற்பத்தியில் பாதிக்கு மேல். ஆனாலும் இரவு உறைந்து பகல் உருகும் அந்த வானிலை இல்லாவிட்டால் எந்தப் பம்பும் உதவாது. அந்தப் பருவம் இப்போது பிப்ரவரியிலேயே வந்துவிடுகிறது. சில ஆண்டுகளில் ஜனவரியிலும்.

காலி செய்யப்பட்ட நிலத்துக்கு இரண்டாவது முறையாக ஆள் வந்தது சாலை வழியாக. 1934இல் உட்ஸ்டாக்கில் ஒரு மேய்ச்சல் சரிவில் பழைய கார் எஞ்சினை வைத்துக் கயிறு சுற்றி, பனிச்சறுக்குகிறவர்களை மேலே இழுத்தார்கள். நாட்டிலேயே அதுதான் முதல் கயிறு இழுவை. மாடு மேய்ந்த சரிவுக்குப் புது விலை பிறந்தது அன்றுதான். 1950களின் கடைசியில் தேசிய நெடுஞ்சாலைகள் வரத் தொடங்கின. பாஸ்டன் சில மணி நேரத்தில் எட்டும் தூரமாயிற்று. ஆஸ்கட்னி ஊரில் ஒரு வயதான விவசாயி இருந்தார். மின்சாரமில்லை, டிராக்டரில்லை, குதிரையை வைத்து உழுது கையால் பால் கறந்து வாழ்ந்தவர். நெடுஞ்சாலைக்கு நிலத்தைக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1964 செப்டம்பரில், வெளியேற்றும் நாள் வந்தபோது, மாடுகளை அவிழ்த்துவிட்டுவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தார்; அவரும் உள்ளேயே எரிந்துபோனார். சாலை அந்த இடத்தின் மேல்தான் போகிறது. அறுபது ஆண்டு கழிந்தும் அந்த வட்டாரத்தில் அவரை மறக்கவில்லை.

வெர்மாண்ட்காரர்கள் சாலையை வேண்டாமென்று சொன்ன காலமும் உண்டு. 1930களின் பொருளாதார நெருக்கடியில், மலைத்தொடரின் உச்சி நெடுக உல்லாசச் சாலை போட்டுத் தருகிறோம் என்று மத்திய அரசு பெரும்பணத்தோடு வந்தது. 1936 மார்ச்சில் ஊர்க்கூட்டங்களில் வாக்கெடுத்து அதை மறுத்துவிட்டார்கள். பிறகு நெடுஞ்சாலை வந்து, வீட்டுமனை வியாபாரிகள் மலையைக் கூறுபோடத் தொடங்கியபோது, 1968இல் சாலையோர விளம்பரப் பலகைகளைச் சட்டம் போட்டு அகற்றினார்கள். 1970இல், குடியரசுக் கட்சி ஆளுநர் டீன் டேவிஸ் காலத்தில், ‘சட்டம் 250’ வந்தது: பெரிய கட்டுமானம் எதுவானாலும் தண்ணீர், மண், சாலை, பள்ளி, இயற்கையழகு எல்லாவற்றையும் பார்த்த பிறகே அனுமதி. சுற்றுலாக்காரர் ‘மாறவே இல்லை’ என்று வியக்கும் காட்சி இந்தச் சட்டங்களால் நின்றது. அதற்கு விலையும் உண்டு. புது வீடு கட்டுவது கடினமானது. இருக்கும் வீடுகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடு. பால்பண்ணையில் வேலை செய்கிறவரும் பள்ளி ஆசிரியரும் வாடகைக்கு அலைகிறார்கள். நிலத்தைக் காத்த மாநிலம் மனிதர் குடியிருக்க இடம் தேடுவதில் பின்தங்கிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அண்மைக் காலத்தில் காட்டின் பரப்பும் மெல்லக் குறைகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலான வளர்ச்சிக்குப் பிறகு, வீடுகள் காட்டுக்குள் சிதறிச் சிதறி எழுவதால்.

அரசியலில் நடந்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1856 முதல் 1988 வரை நடந்த அதிபர் தேர்தல்களில் 1964 ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் வெர்மாண்ட் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. 1936இல் ரூஸ்வெல்ட் அலையில் எதிர்த்து நின்றவை வெர்மாண்ட்டும் மெய்னும் மட்டும். 1992 முதல் ஒருமுறைகூட அந்தக் கட்சி வெல்லவில்லை. நகரங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பங்கு இதில் பெரிது. 1981இல் பத்து வாக்கு வித்தியாசத்தில் பர்லிங்டன் மேயரான பெர்னி சாண்டர்ஸும் புரூக்ளினில் பிறந்தவர்தான்.

ஆனால் ஊர்க்கூட்டம் என்ற அமைப்பு அந்த மாற்றத்தையெல்லாம் தாண்டி நின்றது. மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை, பனி இளகிச் சாலையெல்லாம் சேறாகும் முன், ஊர் மக்கள் ஒரே கூடத்தில் கூடி, பனி தள்ளும் லாரி வாங்கலாமா, எந்தப் பாலத்தைப் பழுதுபார்ப்பது, வரி எவ்வளவு என்று கையுயர்த்தித் தீர்மானிப்பார்கள். மதியம் வீட்டுக்கு வீடு கொண்டுவந்த சாப்பாடு. ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் நாடுகடத்தப்பட்டு 1976 முதல் 1994 வரை கேவெண்டிஷ் ஊரில் வாழ்ந்தார். தன் நிலத்தைச் சுற்றி அவர் வேலி போட்டது ஊரில் முணுமுணுப்பைக் கிளப்பியது. வேட்டைக்கும் பனிவண்டிக்கும் வழி அடைபட்டது. 1977 ஊர்க்கூட்டத்துக்கு அவரே வந்து, வேலிக்குக் காரணத்தை விளக்கி, வருத்தம் தெரிவித்தார். அதன் பிறகு பதினேழு ஆண்டுகள், தேடி வந்த பத்திரிகையாளர் எவருக்கும் ஊரார் அவர் வீட்டுக்கு வழி சொல்லவில்லை.

1965 வரை மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையிலும் ஊர்தான் அலகு. ஊருக்கு ஒரு உறுப்பினர், மொத்தம் 246 பேர். சில டஜன் ஆள் இருக்கும் மலைக்கிராமத்துக்கும் பர்லிங்டனுக்கும் ஒரே ஓட்டு. உச்ச நீதிமன்றத்தின் ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ தீர்ப்புகளுக்குப் பிறகு உறுப்பினர் எண்ணிக்கை 150 ஆனது. நியாயமான மாற்றம்தான், ஆனால் விக்டரி, கிரான்பி போன்ற ஊர்களின் குரல் அன்றோடு தேய்ந்தது. அந்த இரண்டு ஊர்களுக்கும் மின்சாரமே 1963இல்தான் வந்தது. கோவிட் காலத்தில் ஊர்க்கூட்டத்தை விட்டு வாக்குச்சீட்டுக்கு மாறிய ஊர்களில் பல திரும்பி வரவில்லை. பள்ளிகளும் காலியாகின்றன: 1990களின் கடைசியில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை இன்று 85,000க்கும் கீழ். பள்ளி மாவட்டங்களை இணைக்க 2025இல் சட்டம் வந்தது. சிற்றூரில் பள்ளி மூடினால் இளம் குடும்பம் அங்கே வராது. அதனால்தான் அந்தச் சட்டத்தின் மேல் அவ்வளவு கோபம்.

கடைசியாகத் தண்ணீர். முதல் குடியேறிகள் மேட்டில்தான் வீடு கட்டினார்கள். ஆலைச் சக்கரம் சுற்ற ஓடை வேண்டும் என்றானபோது ஊர்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கின. ரயிலும் சாலையும் ஆற்றங்கரையையே பிடித்துக்கொண்டன. 1927 நவம்பரில் பெய்த மழையில் 84 பேர் மாண்டார்கள், துணை ஆளுநர் உட்பட. 1,285 பாலங்கள் போயின. மரமில்லாத மலையைப் பற்றி மார்ஷ் சொன்னது நாட்டுக்கு அப்போது உறைத்தது. அதன் தொடர்ச்சியாக 1932இல் கிரீன் மலைத் தேசியக் காடு அமைந்தது, வேலையற்றவர்களைக் கொண்டு மாண்ட்பீலியருக்கு மேலே அணைகள் கட்டப்பட்டன. இன்று மலை முழுக்கக் காடு. ஆயினும் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் பதின்மூன்று ஊர்களைத் துண்டித்தது. 2023 ஜூலையில் மாண்ட்பீலியரும் பேரியும் மூழ்கின. சரியாக ஓராண்டு கழித்து 2024 ஜூலையில் மறுபடி வெள்ளம். மழை இப்போது கனத்துப் பெய்கிறது. ஆறுகளோ நூற்றைம்பது ஆண்டுகளாக நேராக்கப்பட்டு, கரை கட்டப்பட்டு, பரவ இடமில்லாமல் பாய்கின்றன.

ஆட்டர் கிரீக் ஆற்றின் கதையை இங்கே சொல்ல வேண்டும். ஐரீன் வெள்ளத்தின்போது மேலே ரட்லண்டில் அது பொங்கிப் பாய்ந்தது. கீழே மிடில்பரியில் பெரிய சேதம் இல்லை. இரண்டுக்கும் நடுவே யாரும் வடிகட்டாமல் விட்ட சதுப்பு நிலம் அந்தத் தண்ணீரை விரித்து வாங்கி, மெதுவாக விட்டது. வெர்மாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சதுப்பு காப்பாற்றிய தொகையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2024இல் மாநிலம், ஆறு புரண்டு படுக்க வேண்டிய இடத்தில் புதிதாகக் கட்டடம் எழும்புவதை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில், வெள்ளச் செலவில் ஒரு பங்கைப் பெரிய எண்ணெய் நிறுவனங்களிடம் வசூலிக்க, நாட்டிலேயே முதலாவதாக ஒரு சட்டமும் போட்டது. அது நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளத்தில் பழுதான வீடுகளை அரசு விலைகொடுத்து வாங்கி இடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மனைகளில் இனி எவரும் வீடு கட்ட முடியாது. இடிபட்ட வீட்டுக்காரர்கள் எங்கே போவது என்பதுதான் இப்போது ஊர்க்கூட்டங்களில் பேச்சு. மாண்ட்பீலியர் 2022இல் மேட்டில் இருந்த ஒரு பழைய கோல்ஃப் மைதானத்தை வாங்கி வைத்திருக்கிறது. அங்கே வீடுகள் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.